மலையில் சிக்னல் இல்லாதவரை

தேனியில் வாடகைக் கட்டடத்தில் கார் சீட் கவரும் ஹாரனும் விற்கும் கடை எங்களுடையது. அதில் வழிகாட்டும் ஜிபிஎஸ் பெட்டி விற்பதுதான் என் கணவருக்குப் பெருமை. கண்ணாடி அலமாரியின் மேல்தட்டு முழுக்க அதுதான். தினமும் துடைப்பார். வாங்கத்தான் ஆள் இல்லை. போனிலேயே மேப் சும்மா கிடைக்கும்போது இதை யார் வாங்குவார்கள்? நான் இப்படிக் கேட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிடுவார்.

அவரிடம் இருந்தது ஒரே பதில்தான். குமுளி மலை ஏறினால் போனில் சிக்னல் போய்விடும், பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. மலையில் புது டவர் வருகிறது என்றால் ஊரே சந்தோஷப்படும். எங்கள் வீட்டில் மட்டும் எழவு விழுந்த மாதிரி இருக்கும். சிக்னல் இல்லாததை நம்பிக் கடை நடத்தியவர்கள் இந்தப் பக்கம் நாங்கள் மட்டும்தான்.

போன வருடம் கம்பத்திலிருந்து ஒரு திராட்சை வியாபாரி வந்தார். கேரளாவுக்கு லோடு அனுப்ப வேன்கள் வைத்திருப்பவர். புது டிரைவர்கள் வழி தவறிச் சுற்றுவதில் பழம் வீணாகிறதாம். எல்லா வேனுக்கும் பெட்டி போடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். அந்த ஆர்டர் வந்தால் கடை பிழைக்கும், இல்லையென்றால் மூட வேண்டியதுதான். மலைக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று கணவர் காரை எடுத்தார். கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

புறவழிச்சாலை ஏறியதுமே பெட்டி உளறத் தொடங்கியது. அதிலிருந்த பழைய மேப்புக்கு அந்தச் சாலையே தெரியாது. நாங்கள் வாழைத்தோப்புக்குள் கார் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டு, திரும்பு திரும்பு என்றது. அப்டேட் பண்ணினால் சரியாகிவிடும் என்றார் கணவர். வியாபாரி தலையாட்டினார். நல்ல மனிதர்.

மலையடிவாரத்து லோயர்கேம்ப் தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. சிக்னல் போனது. கணவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இப்போது உங்கள் போனைப் பாருங்கள் என்றார். வியாபாரியின் மடியில் இருந்த போனில், நீல அம்பு ஒவ்வொரு வளைவிலும் எங்களோடு திரும்பிக்கொண்டிருந்தது.

"எம் மகதாண்ணே, மேப்ப போன்ல முன்னாடியே எறக்கி வச்சுவிட்டா. சிக்னல் வேணாமாம். ரெண்டையும் ஒத்துப் பாருங்கன்னா."

இதைச் சொல்வதற்கே வியாபாரிக்குச் சங்கடமாக இருந்தது. குமுளியில் அவரே டீ வாங்கிக் கொடுத்தார். வேனுக்குப் போன் மாட்டும் ஸ்டாண்டு மட்டும் போதும் என்றார். கணவர் சரி என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார்.

கம்பத்தில் வியாபாரியை இறக்கிவிட்டதும் பெட்டியை அணைத்தார். என் போனில் தேனிக்கு மேப் போடச் சொன்னார். பிறந்ததிலிருந்து போய்வருகிற ரோடு. எதற்கு என்று கேட்காமல் போட்டேன். அந்தக் குரல் சொன்ன இடத்திலெல்லாம் சொன்னபடியே திரும்பினார். ஒரு இடத்தில்கூட அது தப்பாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகையாக வந்தது.

சின்னமனூர் தாண்டியதும் பேசினார்.

"கட்டடத்துக்காரக வந்தாகன்னா, கடையக் காலி பண்ணிர்றோம்னு சொல்லிரு."

அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் சரி என்று தலையாட்டினேன்.