காப்புக் கட்டிய கையும் பரோட்டா கடையும்

வாய் தின்ற சால்னாவுக்குக் கால் வெந்துவிடும் என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆள் நான். பம்புசெட்டு மோட்டார் விற்கிற கடையில் இருபது வருஷ வேலை. த்ரீ பேஸ் கரண்ட் எப்படி வருகிறது, ஏன் மோட்டார் எரிகிறது என்று விவசாயிகளுக்கு வகுப்பெடுக்கிற வாய் இது. அப்பேர்ப்பட்ட நான், முழுசாக நாலு நாள், என் இரண்டு பாதங்களையும் அடுப்பில் ஏறப்போகிற கோழிக்காலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குள் நடமாடினேன்.

என் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். தினமும் வண்டியில் கள்ளக்குறிச்சி போய் வருகிறவன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவில் தீ மிதிப்பவர்களுக்குப் பத்து நாளைக்கு முன்னாலேயே காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கோத்து மணிக்கட்டில் கட்டினால் முடிந்தது. அதற்குப் பிறகு கறி, மீன், முட்டை கிடையாது. கட்டில் கிடையாது, பாய்தான். இதெல்லாம் எனக்குப் புதிசு. நான் பிறந்ததிலிருந்து தீக்குண்டத்துக்கு வெளியே நின்று, மிதிக்கிறவர்களின் வேட்டியைப் பற்றிக் கிண்டல் பேசிக்கொண்டிருந்தவன். போன வருஷம் என் மனைவி, மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தால் அப்பா தீ மிதிப்பார் என்று அம்மனிடம் சொல்லிவிட்டாள். வேண்டிக்கொண்ட வாய் அவளுடையது, மிதிக்கவேண்டிய கால் என்னுடையது. மகளுக்குச் சேலத்தில் இடம் கிடைத்துவிட்டது.

கறி இல்லாமல் பத்து நாள் என்பது என்னைப் பொறுத்தவரை சின்ன விஷயம் இல்லை. கள்ளக்குறிச்சியில் எங்கே சாப்பிடலாம் என்று யாருக்குக் கேள்வி வந்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டு மூலையில் ஒரு டீக்கடை. அங்கே காலை ஏழு மணி டீக்கு ஒரு ருசி, பதினோரு மணி டீக்கு வேறு ருசி, இரண்டையும் குடித்தால்தான் எனக்கு நாள் தொடங்கும். கோர்ட்டுக்கு எதிரே புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நடத்துகிற இட்லிக் கடை. காரச் சட்னி தீர்ந்ததும் கடையைச் சாத்திவிடுவார்கள், வக்கீலே வந்தாலும் திறக்கமாட்டார்கள். சேலம் ரோட்டில் வெள்ளிக்கிழமை மட்டும் கூட்டம் நெரிகிற பிரியாணிக் கடை. கடைசியாக, வீட்டுக்குத் திரும்புகிற வழியில் கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு பாய் நடத்துகிற பரோட்டா கடை. சட்னியில் தேங்காய் எப்போது உடைத்தது என்று நாக்கிலேயே சொல்வேன், பிரியாணியில் ஆடு எந்தப் பக்கம் மேய்ந்தது என்றுகூடச் சொல்வேன் என்று அளந்துவிடுவது என் வழக்கம். அளந்து அளந்து எனக்கே அது உண்மை ஆகிவிட்டிருந்தது.

பாய் கடையில் பழைய ஆட்களை 'என்ன வேணும்' என்று கேட்கமாட்டார்கள். வண்டியை ஸ்டாண்டு போடும்போதே இலை விழும். உட்காரும்போது மூன்று பரோட்டா பிய்த்துப் போட்டு, அதன் தலையில் சால்னா ஊற்றியாகியிருக்கும். கோழி எலும்பு போட்டுக் கொதிக்கவைத்த சால்னா. காப்புக் கட்டிய நாளிலிருந்து அந்தக் கடை வரும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன். தீமிதிக்கு நாலு நாள் முன்னால், திங்கட்கிழமை சாயங்காலம், மோட்டார் கடையில் ஒரு விவசாயியோடு பெரிய சண்டை. மண்டை காய்ந்துபோய்க் கிளம்பினேன். வண்டி தானாக நின்றது. கால் தானாக இறங்கியது. இலை விழுந்தது. பிசைந்து தின்றேன். கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு ரசிகனாகத் தலையை ஆட்டினேன்.

"இன்னிக்கி எலும்புச் சாறு சும்மா எறங்கியிருக்கு பாய்!"

பாய் கல்லிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு மாதிரிச் சிரித்தார். "உங்களுக்கு எப்பவும் குசும்புதாங்க" என்று திரும்பிக்கொண்டார்.

கை கழுவக் குழாயடிக்குப் போனேன். தண்ணீரைத் திறந்தபோது மணிக்கட்டில் மஞ்சள் நூல் தெரிந்தது. நூலில் சால்னா. மஞ்சள் துண்டின்மேல் எண்ணெய் மினுமினுத்தது.

வழக்கமாகக் குடிக்கிற டீயைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்தேன். கோமுகி அணைப் பக்கத்து வாய்க்காலில் இறங்கி அந்த நூலைத் தேய்த்தேன். சோப்பு இல்லை. மண் போட்டுத் தேய்த்தேன். நூல் இற்றுவிடும்போல் ஆனதும், காப்பை அறுத்த பாவமும் சேர்ந்துவிடப்போகிறது என்று பயந்து நிறுத்தினேன்.

மறுநாள் எங்கள் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிற மெக்கானிக் என் முகத்தைப் பார்த்தான். என்னைவிடப் பத்து வயசு சின்னவன். கிண்டலில் எனக்குச் சளைத்தவன் இல்லை.

"இன்னாணா, மூஞ்சி காயில் எரிஞ்ச மோட்டார் கணக்கா கீது?"

"ஒண்ணும் இல்லடா."

"காப்பு கட்டிக்கினு பொய் சொல்லக் கூடாதுணா."

அந்த ஒரு வார்த்தையில் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு டாக்டர்போல விசாரித்தான்.

"எத்தினி பரோட்டா?"

"மூணு."

"பீஸு எதனா வந்துச்சா?"

"பீஸ் வரல. சாறுதான்."

"சாறுன்னா கம்மியாத்தான் வேவும்ணா. முட்டி வரிக்கும் ஏறாது. கணுக்காலோட நின்னுடும்."

"சிரிக்காதடா. வெள்ளிக்கெழம குண்டத்துல எறங்கணும்."

"வேணும்னா நான் போயி பாயையே கேட்டுக்கினு வரட்டுமா, எலும்பு போட்டாரா இல்லையான்னு?"

"வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். பாய்க்குத் தெரிஞ்சா ரோடு பூரா தெரியும். வூட்டுக்குத் தெரிஞ்சா அவ குண்டம் வரிக்கும் காத்துக்கினு இருக்க மாட்டா."

ஊரையே கேலி பண்ணித் திரிந்தவனை ஊர் திருப்பிக் கேலி பண்ணினால் தாங்கமாட்டான். என் லட்சணம் அதுதான். ஒரே ஒரு கேள்வி. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் பதில். அதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் தீக்குழிக்குப் போகத் தயாரானேன்.

அன்று மதியம் மகள் சேலத்திலிருந்து போன் செய்தாள். குரல் கம்மியிருந்தது.

"லேசா ஜொரம்பா. மாத்திரை போட்டுக்கினேன்."

"கால் எப்டிமா கீது?"

"காலா? ஜொரம் ஒடம்புக்குப்பா."

"பாதத்துல எரிச்சல், கொப்புளம், எதனா?"

"அப்பா, நர்சிங் படிக்கிறது நானா நீயா?"

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. அதுவரை என் காலுக்காக மட்டும்தான் பயந்தேன். அது ஒரு மாதிரி சொகுசான பயம், பாதிக்குப் பாதி நடிப்பு. இப்போது வந்தது வேறு. வேண்டுதல் அவள் பேரில். தவறியது நான். கணக்கைத் தீர்க்க அம்மன் என் காலைத் தேடுவாளா, பிள்ளையின் உடம்பைத் தேடுவாளா? மோட்டார் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "என் கால எடுத்துக்கோ தாயே, ரெண்டையும் எடுத்துக்கோ" என்று சொன்னேன். கேலிக்குச் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் ஆசைப்பட்டுப் போகிற கடையெல்லாம் பொறி வைத்த இடமாகத் தெரிந்தது. டீக்கடையில் பிஸ்கட்டை எடுத்துவிட்டு முட்டை இருக்குமோ என்று திரும்ப டப்பாவில் போட்டேன். டீக்கடைக்காரர் பிஸ்கட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இட்லிக் கடையில் சாம்பாருக்குள் கரண்டி விட்டுத் துழாவினேன். "இன்னா சார், மோதிரம் எதுனா வுழுந்துடிச்சா?" என்று அந்த அம்மா கேட்டார்கள். பிரியாணிக் கடை இருக்கிற ரோட்டிலேயே போகவில்லை. வாசனை மூக்கு வழியாக உள்ளே போனால் அது தின்ற கணக்கா இல்லையா என்று யாரிடம் கேட்பது?

புதன்கிழமை கல்வராயன் மலைக்கு அனுப்பினார்கள். வெள்ளிமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. வேலை முடிய மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை. சாமைச் சோறும் புளிக்குழம்பும் கிடைக்கும், வழக்கமாக நான் இரண்டு தட்டு சாப்பிடுகிற இடம். கடைக்கார அம்மா தட்டை வைத்துவிட்டு, பழக்கத்தில் கரண்டியை வேறு சட்டிக்குக் கொண்டுபோனார்கள்.

"கருவாட்டுக் கொழம்பு ஊத்தட்டா?"

"அய்யோ!" என்று நான் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். நான் தட்டைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். பாம்பு வந்ததாக நினைத்து ஒருவர் பெஞ்சுக்குக் கீழே குனிந்து பார்த்தார். வெறும் சோற்றில் மோர் ஊற்றித் தின்றுவிட்டு மலை இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை மிதித்த காலைப் பார்த்தேன். நல்ல கால். நாற்பத்தொன்பது வருஷம் உழைத்த கால்.

வியாழக்கிழமை கடைசி முயற்சி. மனைவி மஞ்சள் வேட்டியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கால்ல ஆணி மாதிரி கீது" என்றேன். "இந்த வருசம் வுட்டுட்டு அடுத்த வருசம் பாக்கலாமா?"

"எந்தக் கால்லங்க?"

"ரெண்டுலயும்."

"காட்டுங்க."

காட்டினேன். இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எங்கே அழுத்தினாலும் வலிப்பதாகச் சொன்னேன். எழுந்து கையை உதறினாள்.

"கோயில் வாசல்ல நின்னு வாயால சொன்னதுங்க. புள்ளைக்கு எடம் கெடச்சுதா இல்லியா?"

"கெடச்சுது."

"அப்ப நடங்க."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது, மகள் பெட்டியோடு பஸ் ஏறிய அன்றைக்கு இருந்த அதே சந்தோஷம். அதைக் கலைக்க முடியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, ஈர மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இருபது பேருக்குமேல். குண்டத்தின் சூடு வரிசையின் வால் வரைக்கும் வந்தது. மேளச் சத்தத்தில் பூமி அதிர்ந்தது. கரகம் முதலில் இறங்கியது. "கோவிந்தா! கோவிந்தா!" என்று ஊரே கத்தியது. ஒவ்வொருவராக இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் பால் ஊற்றிய குழியில் கால் நனைத்து ஏறினார்கள். வழக்கமாக நான் நின்று கிண்டல் பேசுகிற இடத்தில் வேறு எவனோ நின்றிருந்தான். அவன் இடத்துக்குப் போய்விட முடிந்தால் என் நிலத்தை எழுதிக் கொடுத்திருப்பேன்.

குண்டத்தின் விளிம்பில் நின்ற பெரியவர் தோளைத் தட்டினார். "ஓடாத. நெதானமா நட. கீழ பாக்காத."

நான் கீழே பார்த்தேன். சிவப்பாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மகள் முகத்தை நினைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன், சால்னா வாளிதான் வந்தது. "பாவி நான், என்னோட போவட்டும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு இறங்கினேன். கோவிந்தா சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

நடக்கவில்லை. ஓடினேன். முன்னால் போனவரைத் தாண்டியே ஓடிவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். பால் குழியில் விழுந்து எழுந்தபோது இரண்டு கால்களும் இருந்தன. இடது குதிகாலில் மட்டும் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கொப்புளம். மூன்று பரோட்டாவுக்கு ஒரு கொப்புளம், அம்மன் இரக்கப்பட்டுவிட்டாள் என்று முடிவு செய்து அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று மனைவி நினைத்துக்கொண்டாள்.

காப்பு அவிழ்த்த பிறகு, திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே பாய் கடைக்குப் போனேன். இலை விழுந்தது. நான் தொடவில்லை.

"பாய், போன வாரம் காப்போட வந்து உங்க கோழி சால்னாவ தின்னுட்டேன்."

பாய் கரண்டியைக் கல்லில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அதுல ஏதுங்க கோழி? இந்தப் பக்கம் தீமிதி வந்தா சாயங்காலம் வர்ற கையில பாதி காப்புக் கையிங்க. அந்தப் பத்து நாளும் எலும்பும் போட மாட்டோம், மாவுல முட்டையும் ஊத்த மாட்டோம். எங்க வாப்பா காலத்துலேர்ந்தே அப்படித்தான். கத்திரிக்கா, தக்காளி, தேங்கா, பொட்டுக்கடல, அவ்ளோதான். நீங்க எலும்புச் சாறுன்னீங்க, சரி, குசும்பு பண்றாருன்னு இருந்துட்டேன்."

"எனக்குத் தெரியாதே பாய்."

"இத்தினி வருசமா திங்கறீங்களே சார், நாக்குக்குக்கூடவா தெரியல?"

நான் அன்று தின்றது கத்தரிக்காய். மகளின் காய்ச்சல், அவள் போன் செய்த அன்று சாயங்காலமே விட்டுவிட்டது. குதிகாலில் கொப்புளம் வந்தது நடக்கச் சொன்ன இடத்தில் நான் ஓடியதால். ஐந்தாறு நாளில் ஆறிவிட்டது.