என் பெயரில் ஜோதி ஆடிய ஆட்டம்

மாவட்ட கேரம் போட்டியில் ஜெயித்தது நான் இல்லை, ஞானஜோதி. இதைச் சொல்ல எனக்குப் பத்து வருஷம் ஆகியிருக்கிறது. வெட்கங்கெட்டவள் நான்.

1987. குரோம்பேட்டையில் எங்கள் காலனி மன்றத்தில் ஞாயிறு மதியம் பெண்களுக்கு கேரம். காலனிக்காரர்கள் மட்டுமே மெம்பர். பதினாறு வயது ஜோதி எட்டாவதோடு படிப்பை விட்டு, அம்மா அருள்மேரியோடு தோல் பதனிடும் ஷெட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சர்ச் முடிந்து வந்தவள் ஜன்னலில் நின்று, "இன்னாக்கா, விரலை இப்டியா வெப்பாங்க? பேஜாரா கீது!" என்றாள். என்ன வாய்! உள்ளே கூப்பிட்டேன். அரை மணியில் எங்கள் எல்லோரையும் துவைத்துக் காயப்போட்டாள்.

அப்புறம் ஒரு ஞாயிறும் தவறமாட்டாள். விளையாட்டுக் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டதும் டுடோரியலில் சேர்ந்தாள். பத்தாவது பாஸ், ஆபீஸ் வேலை. அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

தாம்பரத்தில் மாவட்டப் போட்டி வந்தது. மெம்பர் இல்லாதவள் பெயரைக் கொடுக்க முடியாது. மன்றச் செயலாளர் ஸ்ரீரங்கன் மாமா அவளிடம் என் பெயரைச் சொல்லி, "சாவித்ரின்னு கூப்பிட்டா நீ போய் உட்காரு. அடுத்த வருஷம் உன்னையும் மெம்பராக்கறேன்" என்றார். அவளும் நம்பி ஆடினாள். சாம்பியன்! சான்றிதழ் என் பெயரில். அதைக் காட்டித்தான் எனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது.

மறுவருஷம் ஒரு ஆபீஸில் கேரம் ஆடுபவர்களை வேலைக்கு எடுத்தார்கள். பத்தாவது பாஸான ஜோதி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஆடுனது நான்தான்னு ஒரு வரி எய்திக் குடுக்கா. போதும்."

எழுதினால் என் சீட்டு போய்விடுமே! "எனக்கு ஒண்ணும் தெரியாது, மாமாவைக் கேளு" என்று கதவைச் சாத்தினேன். மாமாவோ, "நீ எங்க மெம்பரே இல்லையேம்மா" என்று கைவிரித்துவிட்டார். அவள் தோல் ஷெட்டுக்கே திரும்பிப் போனாள். நான் படித்து, பாங்கு வேலையில் சேர்ந்து, நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன ஞாயிறு சர்ச் பக்கம் போனபோது யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். ஜோதி! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச் ஹாலில் இரண்டு போர்டு போட்டு, ஷெட் கூலிக்காரர்களின் பெண்களுக்கு அவள் கேரம் சொல்லிக் கொடுக்கிறாளாம்; உள்ளே இழுத்துப் போனாள்.

"இவங்கதான் சாவித்ரி அக்கா. டிஸ்ட்ரிக்ட் சாம்பியன். கேரம் ஆடியே காலேஜு போனாங்க" என்றாள் அந்தப் பெண்களிடம்.

கிண்டலா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை. காதோரம் குனிந்து, "நீ சும்மா இரு, அக்கா. இதைச் சொன்னதாலதான் இதுங்க வூட்ல அனுப்பிக்கினு கீறாங்க" என்றாள்.

அதற்குள் ஒரு பெண் ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளி, "ஒரு போர்டு ஆடுங்கக்கா" என்றது. ஆடினால் என் லட்சணம் தெரிந்துவிடுமே!

ஜோதிதான் முந்திக்கொண்டாள். "அக்காவுக்குக் கை சுளுக்குடி. இன்னொரு நாள் ஆடுவாங்க."

நான் தலையாட்டினேன்.