படங்கு மூடிய கார்

மருமகனின் புதுக் கார் எங்கள் வளவுக்குள் வந்து நின்ற நாளிலிருந்து, கிணற்றடிக்குப் போவதற்குக்கூட நான் சுற்றிக்கொண்டுதான் போனேன். நேர்வழி காருக்குப் பக்கத்தால் போகிறது. கையில் வாளி இருக்கும், இடுப்பில் சாவிக்கொத்து இருக்கும். எது பட்டாலும் பட்டதுதான். கருநீல நிறம், முகம் பார்க்கலாம் போல மினுங்கும். உள்ளே ஆசனங்களுக்குப் போட்டிருந்த பொலித்தீனைக்கூட மருமகன் இன்னும் கழற்றவில்லை. கட்டாரில் வேலைக்கு இருந்த காலமெல்லாம் அவர் ஆசைப்பட்ட கார் அது என்று மகள் சொல்லியிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் முன்வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் கணவரும் பின்னால் சமைக்கிற குசினியோடு சேர்ந்த அறைக்கு மாறிக்கொண்டோம். மாப்பிள்ளை வந்து பெண்வீட்டில் இருப்பார். வெளியூர் ஆட்கள் இதைக் கேட்டால் பெண்வீட்டாருக்குத்தான் வசதி என்பார்கள். உம்மாமாரின் பயம் அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு மனம் கோணினால் அவர் எழும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது, அவருடைய உம்மா வீடு. பிள்ளைக்குப் போக இடமில்லை. அவள் தன் வீட்டிலேயே இருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

என் தங்கை அப்படி இருந்தாள். அவளுடைய மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளை எங்கள் வாப்பா கேட்காமல் எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் வந்தார். வந்தபோது ஒரு பக்கத்துக் கண்ணாடி இல்லை. மாப்பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. பின்னேரம் உடுப்புப் பையோடு போனவர், இடையில் ஒரு நோன்புப் பெருநாள் கழிந்துதான் திரும்பி வந்தார். அந்தப் பெருநாளுக்குத் தங்கை புதுச் சீலை உடுத்திக்கொண்டு முன்னறையில் கதிரையில் இருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. யாராவது கேற்றைத் தட்டினால் எழும்புவாள். பிறகு இருப்பாள்.

மருமகன் நல்ல பிள்ளை. அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் என் தங்கையின் மாப்பிள்ளையும் அதிர்ந்து பேசியவர் அல்ல. அதனால் அமைதியான ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம் இன்னும் கூடும்.

இன்னொன்று, நான் மருமகனோடு நேருக்கு நேர் கதைத்ததே இல்லை. சாப்பாட்டை மேசையில் மூடி வைத்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். ஏதாவது சொல்வதென்றால் மகளிடம் சொல்வேன், அவள் சொல்வாள். இப்போதுள்ள மாமிமார் மருமகனோடு ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். எனக்கு அது வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்க எழும்பினாலே சொல் வராது எனக்கு. அது வயது போயும் மாறவில்லை.

மருமகன் கல்முனையில் ஒரு துணிக்கடை போடுகிற ஏற்பாட்டில் இருந்தார். சாமான் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. புதுக் காரை அவ்வளவு தூரம் ஓட்ட மனமில்லாமல் பஸ்ஸில் போனார். போகும்போது காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதை நான் குசினி ஜன்னலால் கண்டேன்.

அது கச்சான் காற்றுக் காலம். மேற்கே வயல் பக்கமிருந்து அனலாக அடித்து, ஒழுங்கையில் கிடக்கிற மணலை எல்லாம் வளவுக்குள் கொண்டுவந்து போடும். முருங்கை மரத்தில் காகம் வேறு. போதாததற்குப் பள்ளிவாசலுக்குத் தொழப் போகிற வருகிற ஆட்களெல்லாம் கேற்றுக் கம்பிக்குள்ளால் காரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஊர்க் கண் முழுக்க இதில்தான் விழுகிறது, கண்ணூறு பட்டுவிடும் என்று என் கணவர் சொன்னார். எனக்கும் அது சரியென்று பட்டது. பெரும்போக நெல் காயப்போட்ட தார்ப்பாய்ப் படங்கு ஒன்று கொட்டிலில் சுருட்டிக் கிடந்தது. அதைக் கொண்டுவந்து காரை மூடி, நாலு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டினார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனிக் காகமும் இல்லை, கண்ணும் இல்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. ஒவ்வோர் இரவும் படங்கு காற்றுக்குப் படபடவென்று அடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே படுத்தேன். கட்டியிருக்கிறதுதானே என்று நினைத்தேன்.

மருமகன் திரும்பி வருகிற அன்று காலையில் கணவர் படங்கை அவிழ்த்து இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றார். நான் கையில் விளக்குமாற்றோடு போய்ப் பார்த்தேன்.

காரின் முன்மூடியில் கண்ணாடி போல இருந்த இடமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடந்தது. படங்கில் ஒட்டியிருந்த நெல் சுணையும் உமியும், உள்ளே புகுந்த மணலும், காற்று அடிக்க அடிக்க அரைத்திருக்கிறது. அரம் போட்டது போல நுண்ணிய கீறல்கள். படங்கின் ஓரத்தில் கயிறு கோர்க்கிற இரும்பு வளையம் ஒன்று, ஒரே இடத்தில் மோதி மோதி, மூலையில் விரல்நகம் அளவுக்குப் பெயின்ற் போய்த் தகரம் வெளியே தெரிந்தது.

"தூசிதான் கா. தண்ணி பட்டாப் போயிரும்" என்றார் கணவர். சொல்லிக்கொண்டே தோளில் கிடந்த துவாயால் அழுத்தித் துடைத்தார். துடைத்த இடம் இன்னும் வெளுத்தது. மகள் சத்தம் கேட்டு வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி வந்து மெதுவாக ஊற்றினேன். ஊற்றியதும் மங்கல் மறைந்துவிட்டது. பழைய கருநீலம் அப்படியே வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். கணவர் மகளைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பது போலத் தலையை ஆட்டினார். மூவரும் அங்கேயே நின்றோம். கச்சான் காற்றுக்குத் தண்ணீர் காய எவ்வளவு நேரம் எடுக்கும்? காய்ந்த இடமெல்லாம் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சாம்பல் திரும்பி வந்தது. நான் வெறும் வாளியைக் கீழே வைத்தேன்.

"வாப்பா, அவர் வந்த பொறகும் நனைச்சிக்கிட்டே நிக்கப்போறீங்களா?" என்றாள் மகள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆளுக்கொரு யோசனை. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போகும் என்று மகள் போனில் பார்த்துச் சொன்னாள். சாய்ந்தமருதுவில் பைபர் தோணி செய்கிற கூட்டாளி ஒருவர் இருக்கிறார், தோணியை மினுக்குகிற பசை அவரிடம் வாங்கி வந்து தேய்ப்போம் என்றார் கணவர். தோணி வேறு, கார் வேறு என்பது எனக்கே தெரிந்தது. துவாயால் துடைத்தே இப்படி ஆகிவிட்டது, இனி யாரும் கை வைக்க வேண்டாம் என்றேன். கணவர் யோசித்துவிட்டு, திரும்பவும் படங்கைப் போட்டுவிடுவோம் என்றார். மருமகன் வந்து அவிழ்க்கும்போது தானே காணட்டும். காற்று செய்ததற்கு யார் என்ன செய்வது?

எனக்கு எல்லாவற்றையும் விட அதுதான் பயமாக இருந்தது. எங்கள் வாப்பாவும் கண்ணாடி உடைந்த அன்று மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். கண்ணாடிக்காக அந்த மாப்பிள்ளை போகவில்லை. தன்னிடம் ஒருவரும் சொல்லவில்லை என்றுதான் போனார் என்று பிறகு தங்கை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

"நீ சொல்லு மகள்" என்றேன்.

"எனக்கு ஏலாது உம்மா. அவர் முகத்தப் பாத்தா எனக்கு அழுகைதான் வரும்."

நடுப்பகல் லுஹர் தொழுது முடிந்த நேரம் மருமகன் ஓட்டோவில் வந்து இறங்கினார். கார் படங்கில்லாமல்தான் நின்றது; முருங்கை நிழல் விழுந்ததால் மங்கல் முதலில் கண்ணில் படவில்லை. பைகளோடு நேரே உள்ளே போனார். பின்னேர அஸர் பாங்குக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஆனாலும் என் கணவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார்.

மருமகனுக்கு மகள் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கி வந்த சாமான்களைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஓம் ஓம் என்று மட்டும் சொன்னாள். நான் நடுக்கதவின் திரைக்குப் பின்னால் நின்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கார்ச் சாவியைத் தேடினார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

"மருமகன்" என்றேன்.

அவர் எழும்பி நின்றுவிட்டார். என் குரலை அவ்வளவு கிட்ட அவர் கேட்டதில்லை. மகளும் திரைப்பக்கம் திரும்பினாள்.

"படங்கு போட்டு மூடினது நாங்க. காகம் எச்சம் போடும், கண்ணூறு படும் எண்டு மூடின. நெல்லுப் படங்கு. காத்துக்கு அது உரசிட்டு. முன்பக்கம் மங்கிப் போச்சு. ஒரு மூலையில தகரம் தெரியிது. தொடச்சிப் பாத்தம், கூடிட்டு. பொறகு ஒண்டும் செய்யல்ல. உங்களுக்குச் சொல்லாமச் செய்யப்படாது எண்டு உட்டுட்டம்."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். திரைத் துணியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேனோ, கொக்கி ஒன்று கழன்று விழுந்தது.

அவர் வெளியே போனார். ஜன்னலால் பார்த்தேன். குனிந்து, முன்மூடியில் விரலை மெல்ல ஓட்டினார். மூலைக்கு வந்ததும் நகத்தால் ஒருமுறை வருடினார். அங்கேயே குந்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு ஏறிக் காரை ஸ்டார்ட் பண்ணினார்.

எங்கள் கேற்றால் வெளியே போனால் இடப்பக்கம் கல்முனைக் கடைத்தெரு. வலப்பக்கம் அவருடைய உம்மா வீட்டு வழி. கார் வலப்பக்கம் திரும்பியது.

மகள் முன்னறைக் கதிரையில் போய் இருந்தாள். தங்கை இருந்ததும் இப்படித்தான். அவருடைய பைகள் அறையில்தான் கிடந்தன, உடுப்பு எடுத்துக்கொண்டு போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் உம்மா வீட்டில் அவருக்கு உடுப்பு இருக்கும்தானே.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அவருடைய உம்மா. மகன் வீட்டுக்கு முன்னால் காரில் போனான், உள்ளே வரவில்லை, கூப்பிட்டதும் கேட்கவில்லை, என்ன விஷயம் என்று கேட்டார். தெரியா மாமி, கடை வேலையாக இருக்கும் என்று மகள் சொன்னாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அங்கேயும் போகவில்லை என்றால் எங்கே? கோபத்தோடு ஓட்டுகிற ஆள், வயல் வழி, எதிரே நெல் லொறிகள் வருகிற பாதை. என் பயம் அந்தப் பக்கம் ஓடத் தொடங்கியது. அவர் உம்மா வீட்டிலாவது இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். காலையில் எதற்குப் பயந்தேனோ, பின்னேரம் அதையே அல்லாஹ்விடம் கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அஸருக்குப் போன கணவர் வந்தார். காரைக் காணவில்லை என்றதும் கேற்றடியில் நின்றுகொண்டார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. பொழுது பட்டு மஃரிப் பாங்கு சொன்னது. நான் தொழுகைப் பாயில் இருந்தபடியே கேற்றுக் கொளுக்கியின் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன ஓதினேன் என்று எனக்கு நினைவில்லை.

பிறகு வெளிச்சம் ஜன்னலில் அடித்தது. கார் மெதுவாக உள்ளே வந்து, முருங்கையை விட்டுத் தள்ளி, மதிலோரம் நின்றது.

அவர் மகளிடம் சொன்னதை உள்ளே இருந்து கேட்டேன். உம்மா வீட்டைத் தாண்டி, வயல் ரோட்டுச் சந்தியில் பெயின்ற் வேலை செய்கிற ஒருவர் இருக்கிறாராம். அவரிடம் காட்டப் போயிருக்கிறார். மங்கல் மேலே பூசிய தெளிவான பூச்சில் மட்டும்தான், அதை மெசினால் மினுக்கி எடுத்துவிடலாம், பிறகு ஒரு நாள் காரைக் கொண்டுவந்து விடச் சொன்னாராம். மூலையை மட்டும் அன்றைக்கே மூடியாக வேண்டும் என்று பெயின்ற் வைத்து அனுப்பியிருக்கிறார். கடற்கரை ஊர், தகரம் திறந்து கிடந்தால் உப்புக் காற்று உடனே துருவைக் கொண்டுவந்துவிடுமாம். இனிமேல் எதனாலும் மூட வேண்டாம் என்றும் சொன்னாராம்.

என் கணவர் கதவடியில் வந்து நின்றார். "மருமகன், படங்கு நான்தான் கட்டின. அவ இல்ல."

"தெரியும் மாமா. கயிறு ஒண்டு பம்பர்ல கிடந்திச்சு. நெல்லு மூட்ட கட்டுற முடிச்சி. மாமி கட்டுவாங்களா அப்படி?"

கணவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தொப்பியைக் கழற்றி மடித்தார். மருமகனின் முகம் எனக்குத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டு சொன்னாரா, சும்மா சொன்னாரா என்று குரலில் பிடிபடவில்லை. பிறகு திரைப்பக்கம் குரல் வந்தது.

"மாமி, சோறு இரிக்கா? காலையிலருந்து சாப்பிடல்ல."

"ஓம்" என்றேன். மீன் ஆணத்தைச் சூடாக்கிச் சோற்றோடு கொண்டுபோனேன். அன்று மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடவில்லை. கதவுநிலையில் நின்றேன். அவர் இரண்டாம் முறையும் சோறு போட்டுக்கொண்டார்.

அடுத்த கிழமை மெசின் போட்டு மினுக்கி, முன்மூடி பழையபடி வந்துவிட்டது. மூலையில் வைத்த பெயின்ற் மட்டும் கொஞ்சம் வெளிர். உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அதையும் சரியாக அடித்துத் தருகிறேன் என்று அந்த ஆள் சொல்லியும், கிடக்கட்டும் என்று மருமகன் விட்டுவிட்டாராம். அது மன்னித்துவிட்டதனால் கிடக்கிறதா, மறக்கக் கூடாது என்று கிடக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்க வாய் வரவில்லை.

இப்போது நான் அவரோடு இரண்டொரு சொல் கதைக்கிறேன். கிணற்றடிக்கு இன்னும் சுற்றித்தான் போகிறேன். கார் வெளியே போகிற சத்தம் கேட்டால் அடுப்படியில் கையில் இருக்கிறதை நிறுத்திவிட்டு, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கேட்டுக்கொண்டு நிற்பேன்.