இடப்புருவத்துத் தழும்பு

மகன் செத்துவிட்டான் என்று அம்பலவாணர் முடிவு செய்து மூன்று கிழமை ஆகியிருந்தது. மருமகள் சறோஜினிதேவி இன்னும் முடிவு செய்யவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் தம்பிஐயா அகப்பட்டுக்கொண்டார்.

1987 பங்குனியில் மகன் சரவணமுத்து மாடு வாங்குவதற்காக வள்ளத்தில் நெடுந்தீவுக்குப் போனான். மறுநாள் வள்ளம் மட்டும் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. கடல் கொண்டதா, யாராவது பிடித்துக்கொண்டு போனார்களா, அவர்கள் ஊரான நாரந்தனையில் ஒருவருக்கும் தெரியாது. அம்பலவாணர் தருப்பையால் ஓர் உருவம் செய்வித்து அதற்குக் கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கல்வெட்டு வேண்டும். செத்தவரின் வம்சமும், தேவாரமும், உறவினர் புலம்பலும் அச்சடித்த சிறு புத்தகம் அது. முதல் பக்கத்தில் செத்தவரின் படம் இல்லாவிட்டால் ஊர் அதைக் கல்வெட்டாகவே எடுக்காது.

"எட்டு நாள்தான் கிடக்கு, தம்பிஐயா. நீர்தான் செய்து தரவேணும்" என்றார் அம்பலவாணர்.

தம்பிஐயா கொழும்பில் ஓர் அச்சகத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவர். சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் லேபிள் வரைவார். அச்சுக்கல்லில் படத்தை இடம் வலமாக மாற்றி வரைய வேண்டும். தாளில் விழும்போது அது நேராகிவிடும். 1983 ஆடிக் கலவரத்தில் அச்சகம் எரிந்தது. மூன்று செதுக்குளிகளைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு கப்பலேறி ஊருக்கு வந்தார். வள்ளங்களுக்குப் பெயர் எழுதினார், கோயில் வாகனங்களுக்கு நிறம் பூசினார், மாட்டுச் சவாரி வண்டில்களில் மயில் கீறினார். தனக்கென்று கடலைக் கீறினார். அந்தப் படங்களை வாங்க ஆளில்லை. குசினிச் சுவரின் வெடிப்புகளை மறைக்க அவை உதவின.

1987 தொடக்கத்தில் அச்சுச் சாமான்கள் வருவது நின்றது. புகைப்படத்தைத் தகட்டில் பதிக்க மருந்து இல்லை. ஊர்காவற்றுறையில் காலால் மிதிக்கும் அச்சியந்திரம் வைத்திருந்த யாக்கோப்பு அவரைத் தேடி வந்தான். தம்பிஐயா பூவரசம் பலகையில் செத்தவர்களின் முகங்களை வெட்டத் தொடங்கினார். புகைப்படத்தின் மேல் எண்ணெய்த்தாளை வைத்துக் கீறுவார். பிறகு அந்தத் தாளைக் கவிழ்த்துப் பலகையில் ஒட்டி வெட்டுவார். மாசி முடிவதற்குள் ஒன்பது முகம். தெருவில் அவரைக் கண்டால் சனம் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது. அந்த மரியாதை அவருக்குப் பிடிக்கவில்லை.

புகைப்படம் கேட்டு அவர் சறோஜினிதேவியிடம் போனார். படம் அலுமாரிக்குள் இருந்தது. அதைப் பூட்டிய திறப்பு அவள் தாலிக்கொடியில் கிடந்தது.

"தரமாட்டன், அண்ணை."

"மாமா கேக்கிறார், பிள்ளை."

"மாமா கொள்ளி வைச்சது புல்லுக்கு. அந்தப் புல்லு தன்ரை மகன்தான் எண்டு அவர் சொல்லட்டும் பாப்பம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்ரை பேரிலை புலம்பலும் எழுதுவிச்சாச்சாம். பன்ரண்டு வரி அழுறனாம். நான் இன்னும் அழவேயில்லை, அண்ணை. ஆர் அழுதது?"

தம்பிஐயா படியிறங்கத் திரும்பினார். அவள் விடவில்லை.

"புத்தகம் வந்தா இந்தப் பொட்டை அழிக்கச் சொல்லுவினம். அழிக்கிறது மாமா இல்லை. உங்கடை உளி."

வெறுங்கையோடு வந்து சொன்னபோது அம்பலவாணர் சினக்கவில்லை. "படம் எதுக்கு? அவன்ரை வண்டிலுக்கு நீர் மயில் கீறேக்கை ஒரு மாதம் உம்மடை முற்றத்திலைதானே கிடந்தவன். கண்ணை மூடும், தெரியும்" என்றார். பிறகு, "விடிய எழும்பினா வாசலைத்தான் பாக்கிறன். இனி என்னாலை ஏலாது" என்றார்.

தம்பிஐயா கண்ணை மூடினார். சரவணமுத்து சிரித்துக்கொண்டு முன்னால் நின்றான். இடப்புருவத்தில் சவாரி மாடு குத்திய தழும்பு. 'மாடு வைச்ச பொட்டு' என்று அவனே பகிடி விடுவான். தம்பிஐயா பென்சிலை எடுத்தார். புகைப்படம் இல்லை, எண்ணெய்த்தாளும் இல்லை. கண்ட முகத்தைக் கண்டபடியே பலகையில் கீறி வெட்டினார். ஒவ்வொரு கீற்றுக்கும் அவளுடைய சொல் காதில் கேட்டது. கோயில் வாகனங்களுக்குச் செய்வது போலக் கண்களைக் கடைசிக்கு விட்டார். ஆறாம் நாள் பின்னேரம்தான் அந்த முகத்தின் கண்களைத் திறந்தார்.

மறுநாள் காலை யாக்கோப்பின் அச்சகத்தில் அம்பலவாணர் கதிரையில் காத்திருந்தார். யாக்கோப்பு பலகைக்கு மை தடவினான். அப்போது சறோஜினிதேவி சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"நீ ஏன் பிள்ளை இஞ்சை வந்தனீ?"

"என்ரை அழுகையை எப்பிடி அச்சடிக்கினம் எண்டு பாக்க வந்தனான், மாமா."

யாக்கோப்பு ஒருதரம் மிதித்தான். தாள் வந்தது. அவள் அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். தம்பிஐயா அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாய்த்தான் கிடக்கு, அண்ணை. தழும்பு எந்தப் பக்கம்?"

தம்பிஐயா எட்டிப் பார்த்தார். தழும்பு வலப்புருவத்தில் இருந்தது. தலை வகிடும் மாறிக் கிடந்தது. பதினேழு வருடம் கல்லில் மாற்றி வரைந்த கை, தெரிந்தவன் முகத்தைக் கண்டதும் மாற்ற மறந்துவிட்டது.

"அண்ணை, கொழும்பிலை தேயிலைக்கும் உப்பிடித்தான் செய்தனீங்களோ?" என்றான் யாக்கோப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை.

"புதுசா வெட்ட ஆறு நாள் வேணும்" என்றார் தம்பிஐயா. இருந்தது ஒரு நாள்.

"தழும்பை ஆர் பாக்கப் போகினம்? அடி, யாக்கோப்பு" என்றார் அம்பலவாணர்.

"ஓம், அடியுங்கோ" என்றாள் சறோஜினிதேவி. எல்லாரும் திரும்பினார்கள். "இருநூறு புத்தகமும் அடியுங்கோ. இது ஆரோ ஒரு ஆள். பாவம், செத்திருந்தா சாந்தி கிடைக்கட்டும். என்ரை மனிசனுக்குத் தழும்பு இடப்பக்கம். முன்பின் தெரியாத ஆளுக்கு நான் அழமாட்டன். புலம்பலிலை என்ரை பேரை எடுங்கோ."

அம்பலவாணர் தாளை வாங்கினார். பெருவிரலால் அந்தப் புருவத்தைத் தடவினார். காயாத மை இழுபட்டது.

"தம்பிஐயா, நீர் சொல்லும். இது ஆர்?"

'இது உங்கள் மகன்தான், பக்கம் மட்டும் மாறிப்போயிற்று' என்று சொல்லலாம். அதுதான் உண்மை. சொன்னால் தம்பிஐயாவின் கைக்கும் கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

"இது என்ரை பிழை, அம்பலவாணண்ணை. உங்கடை மகன் இல்லை."

அம்பலவாணர் மை பட்ட பெருவிரலை வேட்டியில் துடைத்தார்.

"அவளின்ரை வரியளை எடு" என்றார் யாக்கோப்பிடம். "படம் கிடக்கட்டும். எனக்கு உது போதும்."

யாக்கோப்பு பன்னிரண்டு வரி ஈய எழுத்தையும் விரலால் கழற்றினான். அந்தப் பக்கம் பாதி வெறுமையாக அச்சாயிற்று. அந்தியேட்டியன்று தழும்பு இடம் மாறியிருப்பதைப் பலர் கண்டார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பொட்டை அழிக்கப் பெண்கள் சறோஜினிதேவியைச் சூழ்ந்தபோது அம்பலவாணர் எழும்பி வந்தார். "அவளை விடுங்கோ" என்றார். அந்த ஒரு சொல்தான்.

அதற்குப் பிறகும் தம்பிஐயா முகங்கள் வெட்டினார், புகைப்படம் தந்தவர்களுக்கு மட்டும். 1990 ஆவணியில் இராணுவம் தீவுக்குள் இறங்க, ஊர் முழுவதும் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. தோணிக்கு நின்ற சனத்துக்குள் சறோஜினிதேவியைக் கண்டார். பொட்டு அப்படியே இருந்தது. அலுமாரியை விட்டுவிட்டு வந்தவளின் தாலிக்கொடியில் திறப்பும் இருந்தது.

"அவரை நேரே இருத்தி வைச்சு ஒண்டு வெட்டித் தரவேணும், அண்ணை" என்றாள். "வந்தாப் பிறகு."

"ஓம், பிள்ளை" என்றார் தம்பிஐயா.

அவருடைய மூட்டையில் உளிகளோடு வெட்டாத பூவரசம் பலகை ஒன்றும் இருந்தது. 1994இல் அவர் யாழ்ப்பாணத்தில் இறந்தபோதும் அது வெட்டாமலே இருந்தது.