சிவப்புக் கோடு போட்ட அட்டைகள்

எனக்கு மூக்குமேல் கோபம். கேண்டீன் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட ஊரைக் கூட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான், வாயைத் திறந்திருக்க வேண்டிய ஒரே நேரத்தில் மூடிக்கொண்டு இருந்தேன்.

எழுபதுகளின் நடுவில், கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேர் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் எங்களிடம் கிடையாது, மெட்ராஸில் இருந்தது. புரோகிராமின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையில் ஓட்டைகளாக விழும். காலையில் அட்டைப் பெட்டி வேனில் போகும். மறுநாள் சாயங்காலம் பதில் வரும். ஒரு கமா விட்டுப்போனால் இரண்டு நாள் காலி. அட்டைகள் வரிசை மாறினால் தெரியட்டும் என்று, அடுக்கின் பக்கவாட்டில் மூலைக்கு மூலை சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்போம். நடுவில் புது அட்டைகள் நுழைந்தால் கோடு உடைந்துபோகும். இன்னொன்று இழுக்க வேண்டும்.

என் கூட்டாளி, செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. என்னைவிடக் கெட்டிக்காரன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஸ்டோர்ஸில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று காட்டும் ரிப்போர்ட் அவன் தலையில் விழுந்தது. "அவசரம், அவசரம்" என்பார் ஆபீசர். வாரத்துக்கு ஒருமுறை எதையாவது மாற்றுவார். நான்கு மாதத்தில் அவனுடைய அடுக்கின்மேல் பதினெட்டுக் கோடுகள். டிபன் பாக்ஸைத் திறப்பான், சோற்றைப் பார்ப்பான், மூடிவிடுவான். "இன்னா மச்சான், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால், "கண்ண மூடினாலும் ஓட்டதான் தெரியுது மச்சான்" என்பான்.

ஒரு நாள் ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த ரிப்போர்ட்டே வேண்டாம் என்று ஸ்டோர்ஸில் சொல்லிவிட்டார்களாம். "அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க. அடுத்த வேலை வர்ற வரைக்கும் கை சும்மா இருக்கக் கூடாது." பாவம், மனசு உடைந்துபோவான், அடுத்த வேலை வந்ததும் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் அவன் தங்கைக்கு நிச்சயம். அன்றைக்குப் பார்த்துப் பெட்டி பிழையோடு திரும்பி வந்தது. காலை வேனுக்குள் திருத்தியாக வேண்டும். "நீ வூட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்றேன். "இதுல தல எது, வால் எதுன்னு உனக்குத் தெரியாது, போ மச்சான்" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடப்பாவி, சொல்லவில்லையே!

அதிலிருந்து மூன்றாவது வாரம் ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்திக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு ஓடினான். "இத வேணான்னு அப்பவே சொல்லிட்டமேப்பா" என்றாராம் அங்கிருந்த கிளார்க். மறுநாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. எப்படியாவது பேசித் திருப்பிக் கூட்டிவரும்படி ஆபீசர் என்னையே அனுப்பினார்.

நான் போனபோது கடையில் ஓர் அம்மாளுக்கு ரவிக்கைத் துணி கிழித்துக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்லாகீதுப்பா" என்று வாங்கிக்கொண்டு போனாள். அவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் நான்கு மாதமாகப் பார்க்கவில்லை.

"வேல கஷ்டம்னு விட்டுட்டு வரல மச்சான். இன்னும் நூறு கோடுகூட இழுப்பேன்" என்றான். "ஒண்ணு மட்டும் சொல்லு. உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நிச்சயத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீ வரவழைத்தான். நான் குடித்து முடிக்கும்வரை, கலைந்து கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். வா என்று கூப்பிடாமலே எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்து, "வரமாட்டான் சார்" என்றேன். வேலையை விடும் காரணம் என்று படிவத்தில் இருந்த இடத்தில் ஆபீசர் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதினார். கீழே சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.