கணக்கப்பிள்ளை சட்டசபையில் கேட்ட ஒரே கேள்வி

1971 தேர்தலில் கட்சி டிக்கெட்டுக்கு அரிசி மில்காரரும் பஸ் முதலாளியும் முட்டிக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவர் கவிழ்த்துவிடுவார் என்று மேலிடம் பயந்தது. இரண்டு பேருக்கும் தொந்தரவு தராத ஆளைத் தேடியதில் அகப்பட்டவர் தட்சணாமூர்த்தி. மரக்காணத்தில் பக்கீர் முஹம்மதுவின் உப்பளத்தில் பதினெட்டு வருஷமாகக் கணக்கப்பிள்ளை. கட்சிக்கு அவர் செய்த தொண்டெல்லாம் சந்தா ரசீதுகளைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்ததுதான்.

மேடை ஏறினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வணக்கம், ஓட்டுப் போடுங்க, நன்றி என்று இறங்கிவிடுவார். எதிர்க்கட்சிக்காரர் இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டுப் போன இடத்தில் அது ஜனங்களுக்கு இதமாக இருந்தது. அடக்கமான மனுஷன், பொய் வாக்குறுதியே தருவதில்லை என்று பெயர் பரவியது. பயத்தில் பேச்சு வரவில்லை என்பதை மனைவி ஞானாம்பாளிடம்கூட அவர் சொல்லவில்லை.

உப்பளத்துக்கு ஓட்டுக் கேட்கப் போனபோதுதான் மாட்டிக்கொண்டார். உப்பு வாரிக்கொண்டிருந்த குப்பம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

"குடிக்கிற தண்ணிக்கு ஒன்றரை மைல் நடக்கிறோம். ஒரு குழாய் போட்டுக் குடுங்க, போதும்."

"போட்டுடலாம்மா," என்றார். அந்தத் தேர்தலில் அவர் கொடுத்த ஒரே வாக்குறுதி அது.

ஜெயித்தார். கோட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் மேசையைத் தட்டும்போது தானும் தட்டினார். ஆறு மாதம் ஒத்திகை பார்த்து, சட்டை நனைய வியர்த்து, ஒருநாள் எழுந்து கேட்டேவிட்டார்: உப்பளத் தொழிலாளர்களுக்குக் குடிநீர்க் குழாய் அமைக்க அரசு முன்வருமா? பரிசீலனையில் உள்ளது என்றார் அமைச்சர். தட்சணாமூர்த்திக்குப் புல்லரித்தது. எழுத்தில் ஏறியது நடந்தே தீரும் என்று நம்பிப் பழகியவர். அந்தப் பதிலை டைப் அடித்து வாங்கிவந்து குப்பம்மாளிடம் காட்டினார்.

"தண்ணி என்னிக்கு வருதுன்னு இதுல போட்டிருக்குதுங்களா?" என்று கேட்டாள். அது போட்டிருக்கவில்லை.

மாதம் தவறாமல் கடிதம் எழுதினார். பதில்களும் தவறாமல் வந்தன. நிலம் எங்களுடையது இல்லை என்றது ஓர் அலுவலகம். தண்ணீர் எங்களுடையது இல்லை என்றது இன்னொன்று. எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து வைத்தார். இரண்டாவது கேள்விக்கு அவர் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருந்த சமயத்தில், 1976 ஜனவரி கடைசியில், சட்டசபையே கலைந்துபோனது. இனி எழுந்து பேச வேண்டாம் என்று முதலில் நிம்மதிதான் வந்தது. பிறகு குப்பம்மாள் முகம் ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது.

பக்கீர் முஹம்மது பழைய நாற்காலியையே கொடுத்தார். முதல் சம்பள நாளில் ஜன்னலண்டை வந்த குப்பம்மாள், குழாய் என்ன ஆச்சு என்று விசாரித்தாள். தட்சணாமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்ற முதலாளி காதிலும் அது விழுந்தது. என்ன விஷயம் என்று முழுக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"ஏன் கணக்கப்பிள்ளை, இதுக்கா கோட்டை வரைக்கும் போனீங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டியில பீப்பாய் ஏத்தி அனுப்பியிருப்பேனே."

அமைச்சரைக் கேட்கத் துணிந்தவருக்கு, பதினெட்டு வருஷத்தில் முதலாளியைக் கேட்கத் துணிவு வந்ததில்லை.

மறுவாரமே மாட்டுவண்டியில் பீப்பாய் வந்தது. தண்ணீரில் லேசாக எண்ணெய் வாடை அடித்தது. குப்பம்மாள் இரண்டு சொம்பு குடித்துவிட்டு, மத்தியானமும் வண்டி ஒரு நடை வந்தால் நல்லது என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றார் தட்சணாமூர்த்தி. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அப்போதே முதலாளி அறைக்குப் போனார்.