உறை போட்ட தையல் மிஷின்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின் தெருவில், ஒற்றை மிஷினோடு தொடங்கிய ரவிக்கைக் கடையை மாடி முழுக்க ஓட விட்டவன். நல்ல ஆட்களை எப்படி நிறுத்தி வைக்கிறீர்கள் என்று கேட்காத கடைக்காரர் இல்லை. சம்பளம் எல்லோரும்தான் கொடுக்கிறார்கள். என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. சேருகிற அன்றே ஒரு மிஷினைக் காட்டி, "இது உன்னுது" என்பேன். ஸ்டூல் உயரம், நூலின் இறுக்கம் எல்லாம் அவர்கள் கைக்கு ஏற்றபடி. லீவு போட்டாலும் வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது.

போன தீபாவளி சீசனில் இதற்கு ஒரு சோதனை வந்தது. என் கடையின் முதல் கை, மற்றவர்களைவிட நேர்த்தியாகத் தைப்பவர், ஒரு அம்மா. சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் வீடு இருந்தவரை நடந்தே வருவார். ஆற்றோர வீடுகளை இடித்து, அரசாங்கம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு மாற்றிய பிறகு இரண்டு பஸ். தன் மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தார். அவர் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கூடுதல் சம்பளம், வாசலுக்கே வேன், போய்ப் பார்த்துவிட்டும் வந்தார் என்று சேதி கிடைத்தது.

ஆர்டர்களைக் கவனிக்கும் என் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அவங்க வரப்போறதில்ல. வேற ஆள உக்கார வைங்க. துணி மலையா கெடக்குது, அவங்க மிஷின் மட்டும் போத்திக்கினு தூங்குது."

"தூங்கட்டும்மா."

"கோயில் கட்டிடுங்களேன்."

மாடியில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரு இடத்தில் வேறு ஆளை உட்கார வைத்தால், சிரித்தவர்களுக்கெல்லாம் தங்கள் இடம் எதுவரை என்று தெரிந்துபோகும். சில ஆர்டர்களைத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு காலையில் பேரன் பிறந்த ஸ்வீட் டப்பாவோடு அந்த அம்மா வந்தார். நேராகப் போய் உறையைத் தூக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"யாரும் குந்தல போல கீது."

"யாரு குந்துவாங்க?"

"அந்தக் கம்பெனில, எது காலியா கீதோ அதுல குந்துன்றாங்க நைனா. காத்தால ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. நான் இன்னா பஸ்ல சீட்டு தேடுறவளா?"

"அப்போ இங்கதானே?"

"வேன் அனுப்புவியா?"

"மாட்டேன்."

"அப்போ பத்தரைக்குத்தான் வருவேன். ஏன்னு கேக்கக் கூடாது."

ஒன்பது மணிக்குமேல் யாரையும் படியேற விடாதவன் நான். சரி என்றேன். அவர் மிஷினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தார். என் மகள் ஸ்வீட் டப்பாவை மூடிவிட்டு, அளவு ரவிக்கைகளை அள்ளிக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் வைத்தாள்.